அம்மா மரம் குட்டி மரத்துக்குச் சோறூட்டுமா?

ஏழாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்: “காட்டுல மரமெல்லாம் மண்ணுக்குள்ள பேசிக்குமாம், அம்மா மரம் குட்டி மரத்துக்குச் சாப்பாடு அனுப்புமாம். நெஜமாப்பா?” தேடிப் பார்த்தால் ஒரு பக்கம் ‘நிரூபிக்கப்பட்ட அறிவியல்’ என்கிறார்கள், இன்னொரு பக்கம் ‘வெறும் கட்டுக்கதை’ என்கிறார்கள், பிள்ளைக்கு எதைச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாவரவியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வி வராத ஆண்டே கிடையாது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மரத்துக்கு நேர்ந்ததைப் பக்கத்து மரம் உணர்ந்துகொள்வது உண்மை. மண்ணுக்கடியில் ஒன்றின் சத்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வதும் உண்மை. தாய்மரம் தன் விதையில் முளைத்த கன்றை அடையாளம் கண்டு அதற்கென்று உணவு அனுப்புகிறது என்பதற்கு மட்டும் காட்டில் செய்த ஆய்வு எதிலும் இதுவரை ஆதாரம் இல்லை. ஆனால் இந்த மூன்று வரியோடு நிறுத்தினால் உங்கள் மகளுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். நடப்பது எப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

யாரும் மறுக்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கல்யாண வீட்டில் பெரியவர்கள் வாழ்த்துவார்களே, “ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல்” என்று. அந்த மூங்கில் வெறும் உவமை இல்லை. மூங்கில் புதரில் மழைக்குப் பிறகு கிளம்பும் குருத்தைக் கவனித்திருப்பீர்கள். ஓலை சுற்றிய கூம்பு மாதிரி, ஒரு பச்சை இலைகூட இல்லாமல், சில வாரங்களிலேயே வீட்டு உயரத்தைத் தாண்டிவிடும். இலை இல்லாமல் ஒளிச்சேர்க்கை ஏது? அத்தனை உணவும் பக்கத்தில் நிற்கும் மூத்த கழிகளிடமிருந்து மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டு வழியாக வருகிறது. நாம் பல மரங்கள் என்று பார்ப்பது அங்கே ஒரே உடல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ‘பாண்டோ’ என்று ஒரு ஆஸ்பென் காடு இருக்கிறது. 43 ஹெக்டேரில் சுமார் 47,000 தண்டுகள், எல்லாமே ஒரே வேர்த்தொகுதியிலிருந்து கிளைத்தவை, ஒரே மரபணு.

இது சுற்றத்துக்குள் நடப்பது. தனித்தனி விதையில் முளைத்த மரங்களின் வேர்கள்கூட மண்ணில் உரசிக் கிடந்து, பட்டை தேய்ந்து, ஒட்டுக்கட்டினதுபோல ஒன்றிவிடுவது உண்டு. இதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்வது நியூசிலாந்துக் கதை. ஆக்லாந்துக்கு மேற்கே உள்ள காட்டில் செபாஸ்டியன் லாய்ட்சிங்கர், மார்ட்டின் பேடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நடந்து போகும்போது ஒரு காவ்ரி மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்தார்கள். ஓர் இலை கிடையாது, ஆனால் கட்டை உயிரோடு இருந்தது. அதிலும் பக்கத்து மரங்களிலும் நீரோட்டத்தை அளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். பகலில் பக்கத்து மரங்கள் இலைவழியாக நீரை இழுக்கும்போது கட்டையில் ஓட்டம் நின்றுபோனது. இரவிலும் மழை நாளிலும் அந்த மரங்கள் ஓய்ந்திருக்கும்போது கட்டைக்குள் நீர் ஓடியது. 2019-ல் இதை வெளியிட்டார்கள். பெரிய மரங்களின் முறை முடிந்ததும் இதன் முறை.

இதை ‘கருணை’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. அந்த மரம் முழுசாக இருந்த காலத்திலேயே வேர்கள் இணைந்திருக்க வேண்டும். தண்டு போன பிறகும் அதன் வேர்கள் அக்கம்பக்கத்து மரங்களுக்குக் கூடுதல் வேராகப் பயன்படலாம், கட்டையும் பிழைத்துக்கொள்கிறது. இப்படிச் சொன்னால் அதிசயம் குறைந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது, எல்லாரும் பேசும் பூஞ்சை. மழைக்காலத்தில் மக்கிய இலைச்சருகைப் புரட்டினால் வெள்ளை நூல் மாதிரிப் படர்ந்திருக்குமே, அந்த வகை இழைகள்தான். சருகை மக்க வைப்பவை ஒரு கூட்டம். மர வேரோடு கூட்டு வைத்து வாழ்பவை இன்னொரு கூட்டம். இந்தக் கூட்டுவாழ்வுக்கு மைக்கோரைசா என்று பெயர், வேர்ப்பூஞ்சை. 1885-ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஃபிராங்க் வைத்த பெயர் இது. ஆனால் கூட்டு அவரைவிட, மனிதனைவிட, மரங்களைவிடவே பழையது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறைகளில் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றின் செல்களுக்குள்ளும் இந்தப் பூஞ்சை இருக்கிறது. சரியான வேர் என்று ஒன்று உருவாகும் முன்பே கூட்டு தொடங்கிவிட்டது.

எதற்காகக் கூட்டு? மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பெரும்பாலும் நகராது. வேர் தன்னைச் சுற்றிச் சில மில்லிமீட்டரில் உள்ளதை உறிஞ்சி முடித்துவிட்டால், பிறகு பக்கத்திலேயே சத்து இருந்தும் பட்டினிதான். பூஞ்சை இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. வேர் நுழைய முடியாத மண் இடுக்கில் நுழைந்து, வேருக்கு எட்டாத தூரம் போய், மணிச்சத்தையும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) கொண்டுவந்து கொடுக்கிறது. கூலியாக மரம் சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. சில செடிகள் தாம் சமைத்ததில் ஐந்தில் ஒரு பங்குவரை பூஞ்சைக்கே கொடுத்துவிடுகின்றன. நம் ஊர் விவசாயிகளுக்கு இது புதிதில்லை. ‘வேர் உட்பூசணம்’ என்று பையில் விற்பதை நாற்றங்காலில் போடுகிறார்களே, அது இதே பூஞ்சைதான். (முட்டைக்கோஸ், கடுகு வகைச் செடிகளுக்கு அதை வாங்கிப் போட்டுக் காசை வீணாக்க வேண்டாம். அந்தக் குடும்பம் இந்தக் கூட்டில் சேராது.)

இதில் முக்கியமான விஷயம், ஒரே பூஞ்சை ஒரே நேரத்தில் பல மரங்களின் வேரில் இருக்கலாம். அப்படியானால் ஒரு மரத்தின் சர்க்கரை பூஞ்சை வழியே இன்னொரு மரத்துக்குப் போகுமா? இதைத்தான் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுசான் சிமார்ட் என்ற வன ஆய்வாளர் சோதித்தார். அங்கே வனத்துறை டக்ளஸ் ஃபிர் மரத்தைப் பயிர்போல வளர்த்தது. இடையில் முளைக்கும் பிர்ச் மரங்களைக் களை என்று அழித்தது. களையை எடுத்தால் பயிர் செழிக்கும் என்பது கணக்கு. சிமார்டுக்கு அந்தக் கணக்கில் சந்தேகம்.

அவர் பிர்ச், டக்ளஸ் ஃபிர், சிவப்பு சீடார் கன்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டார். பிர்ச்சும் ஃபிர்ரும் ஒரே வகைப் பூஞ்சையோடு சேர்பவை, சீடார் வேறு வகையோடு சேர்வது. பிறகு பிர்ச் கன்றுக்கும் ஃபிர் கன்றுக்கும் பை மாட்டி, ஒன்றுக்குக் கரி-13, இன்னொன்றுக்குக் கரி-14 (இரண்டும் கார்பனின் வகைகள்) அடங்கிய கரியமில வாயுவைச் செலுத்தினார். ஒவ்வொன்றின் கரியிலும் தனி அடையாளம் இருப்பதால் எது எங்கே போனது என்று பிறகு கண்டுபிடிக்கலாம். சில நாள் கழித்துப் பிடுங்கிப் பார்த்தபோது இரண்டு திசையிலும் கரி போயிருந்தது. கொடுத்து வாங்கியது போக லாபம் ஃபிர் பக்கம். சராசரியாக, அது ஒளிச்சேர்க்கையில் எடுத்ததில் 6 சதவீதம் அளவுக்கு. துணி கட்டி நிழலில் வைத்த ஃபிர் கன்றுகளுக்கு இன்னும் அதிகமாகக் கிடைத்தது. சீடாரிலும் கொஞ்சம் அடையாளக் கரி இருந்தது, அது மண்வழியே கசிந்தது. 1997-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தக் கட்டுரையோடுதான் ‘காட்டின் வலைப்பின்னல்’ என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது.

அதன்பின் வந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். 2010-ல் கெவின் பெய்லரும் கூட்டாளிகளும் அதே மாகாணத்தில், 30 மீட்டருக்கு 30 மீட்டர் நிலத்தில், எந்த மரம் எந்தப் பூஞ்சையைப் பகிர்கிறது என்று மரபணுவை வைத்து வரைபடம் போட்டார்கள். ஒரு பெரிய டக்ளஸ் ஃபிர் மட்டும் 47 மரங்களோடு தொடர்பில் இருந்தது. 2016-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே, தாமிர் கிளைனும் கிறிஸ்டியான் கோர்னரும் கன்றுகளை விட்டுவிட்டு 40 மீட்டர் உயர ஸ்ப்ரூஸ் மரங்களுக்கே, கிரேன் உதவியோடு உச்சிக்குப் போய், அடையாளக் கரியமில வாயுவைக் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற பீச், பைன், லார்ச் மரங்களின் மெல்லிய வேர்களில் அந்தக் கரி இருந்தது. நூலளவு வேரில் உள்ள கரியில் 40 சதவீதம்வரை அடுத்த மரத்திலிருந்து வந்தது என்று கணக்கிட்டார்கள். பீச்சும் ஸ்ப்ரூஸும் உறவே இல்லாத மரங்கள்.

இதுவரை படித்தால் ‘அப்போ நெஜம்தானே’ என்று உங்கள் மகள் சொல்வாள். இங்கேதான் பொறுமை வேண்டும். கரி வேரில் இருந்தது என்று சொன்னேன். அது மரத்தின் திசுவுக்குள் போனதா, வேரைப் போர்த்தியிருக்கும் பூஞ்சையின் உடம்பிலேயே தங்கிவிட்டதா? வேரையும் அதில் பின்னிக் கிடக்கும் பூஞ்சையையும் பிரித்தெடுத்து அளப்பது லேசான காரியமில்லை. பூஞ்சையை விட்டு மண்நீரிலும் காற்றிலும்கூடக் கரி போகலாம். வந்து சேர்ந்த அந்தக் கொஞ்சத்தால் கன்று உண்மையிலேயே நன்றாக வளர்ந்ததா? 2023-ல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா ஆகிய மூவர் இதுவரை வந்த கள ஆய்வுகளை எல்லாம் எடுத்துவைத்துச் சரிபார்த்தார்கள். வலைப்பின்னல் எல்லாக் காட்டிலும் பரவியிருக்கிறது என்று சொல்லப் போதிய வரைபடங்கள் இல்லை, வலையால் கன்றுக்கு நன்மை என்பதில் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால் பொதுவாகச் சொல்ல முடியாது, தாய்மரம் தன் கன்றுக்கு முன்னுரிமை தருகிறது என்பதற்குக் கள ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். இவர்களில் மெலனி ஜோன்ஸ் 1997 கட்டுரையிலேயே சிமார்டோடு பெயர் போட்டவர். தன் கைப்பட்ட வேலையையே இருபத்தைந்து ஆண்டு கழித்துத் திரும்ப எடுத்து, ‘நாம் சொன்னதைவிட அதிகமாக மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று எச்சரிப்பதற்கு ஒரு நேர்மை வேண்டும். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

அதே சமயம் ‘எல்லாம் பொய்’ என்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மோனோட்ரோபா என்று ஒரு செடி. பச்சையமே கிடையாது, வெளுத்த நிறம், பைன் காட்டு நிழலில் முளைக்கும். 1960-ல் சுவீடனின் எரிக் பியோர்க்மன் பக்கத்து மரங்களுக்குள் கதிரியக்கக் கரி சேர்ந்த குளுக்கோசை ஊசி போட்டார். சில நாளில் அது இந்தச் செடிக்குள் வந்துவிட்டது. வழி பூஞ்சைதான். பச்சை இலையே இல்லாத ஒரு செடி முழு வாழ்க்கையையும் அடுத்த மரத்தின் சர்க்கரையில் ஓட்டுகிறது என்றால், பூஞ்சை வழியே சர்க்கரை கைமாற முடியும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் இதில் கொடுக்கும் மரத்துக்கு என்ன கிடைத்தது? தெரிந்தவரை ஒன்றும் இல்லை. அந்தச் செடி பூஞ்சையை ஏமாற்றி எடுத்துக்கொள்கிறது.

மண்ணுக்கடியில் இணைந்திருப்பதெல்லாம் அன்பு இல்லை என்பதற்கு நம் சந்தன மரத்தைவிட நல்ல சாட்சி வேண்டாம். சந்தன நாற்று வாங்கப் போனால் பாருங்கள், அதே பையில் ஒரு துவரைச் செடியோ பொன்னாங்கண்ணியோ சேர்த்து வைத்திருப்பார்கள். சந்தன வேர் அந்தச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு, சின்னச் சின்ன மொட்டு மாதிரி உறிஞ்சிகளை இறக்கி, நீரையும் சத்தையும் எடுக்கும். தோட்டத்தில் நட்ட பிறகு சவுக்கு மாதிரி ஒரு துணை மரம் வேண்டும். துணை இல்லாத சந்தனம் நோஞ்சானாகவே நிற்கும். ‘துணை’ என்பது நாம் வைத்த பெயர். துவரையைக் கேட்டால் வேறு பெயர் சொல்லும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் மரத்தையே பார்க்கிறார்கள், நடுவில் இருக்கும் பூஞ்சையை வெறும் கம்பி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். பூஞ்சைக்கும் வயிறு இருக்கிறது. 2011-ல் டோபி கியர்ஸ் குழு ஒரு சோதனை செய்தது: அதிக மணிச்சத்து கொண்டுவரும் பூஞ்சைக்குச் செடி அதிகச் சர்க்கரை கொடுக்கிறது, அதிகச் சர்க்கரை கொடுக்கும் வேருக்குப் பூஞ்சை அதிக மணிச்சத்து கொடுக்கிறது. சந்தைக்கடை மாதிரி. அப்படியென்றால் நிழலில் வாடும் கன்றுக்குக் கொஞ்சம் சர்க்கரை போவதை இப்படியும் பார்க்கலாம்: ஒரே மரத்தை நம்பியிருந்தால் அது விழும் நாளில் பூஞ்சைக்கும் பட்டினி, நாளைக்கு வளரப்போகும் கன்றைக் கைவசம் வைத்திருப்பது பூஞ்சைக்கு லாபம். இது என் ஊகம்தான். ஆனால் ‘தாய்ப்பாசம்’ என்ற ஊகத்தைவிட இதற்குக் குறைவான கற்பனை தேவைப்படுகிறது.

இன்னொன்று, கனடாவில் கண்டதை நம் காட்டின்மேல் அப்படியே ஏற்ற முடியாது. டக்ளஸ் ஃபிர், பைன், பீச் போன்றவற்றில் பூஞ்சை வேர்நுனியை உறைபோல வெளியே மூடும். நம் வேம்பு, புளி, மா, தேக்கு எல்லாம் வேறு வகை. பூஞ்சை வேர்ச் செல்லுக்குள்ளேயே புகுந்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் வேரைக் காரத்தில் வேகவைத்து, நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அடிமரமும் கிளையும் சிறுகிளையுமாக ஒரு குட்டி மரம் நிற்கும். கொடுக்கல் வாங்கல் அத்தனையும் அந்தக் குட்டி மரத்தில்தான் நடக்கிறது. முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள். முப்பது தடவை பார்த்த நானும் அப்படித்தான். இந்த இரண்டு வகைக் காடுகளும் நடந்துகொள்ளும் விதமே வேறு. வட அமெரிக்காவில் 55 மர இனங்களை வைத்து 2017-ல் வந்த ஆய்வில், உறை மூடும் வகையில் சொந்த இன மரத்தின் பக்கத்து மண்ணில் கன்று நன்றாக வளர்ந்தது. செல்லுக்குள் புகும் வகையில் தாயின் பக்கத்து மண் கன்றுக்கு ஆகவில்லை. காரணம், தாயைத் தாக்கும் நோய்க்கிருமிகள் அந்த மண்ணில் காத்திருக்கின்றன. வெப்பமண்டலக் காட்டில் தாயை விட்டுத் தள்ளி விழுந்த விதைதான் பிழைக்கிறது என்று 1970-லேயே டேனியல் ஜான்சனும் அடுத்த ஆண்டு ஜோசப் கானலும் சொல்லிவிட்டார்கள். பறவையும் வௌவாலும் பழத்தைத் தூக்கிக்கொண்டு போவதுதான் அங்கே குட்டி மரத்துக்குக் கிடைக்கும் பெரிய உதவி.

‘பேசிக்குமா’ என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. புல் வெட்டும்போது பச்சை வாசம் எழும்புமே, அது காயம்பட்ட இலை விடும் ஆவி. 1983-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டேவிட் ரோட்ஸ், புழு அரித்த வில்லோ மரத்தின் அண்டையில் புழுவே படாத மரங்களின் இலையும் புழுவுக்கு ஒத்துக்கொள்ளாததாக மாறுவதைக் கண்டார். வேர்த்தொடர்பு தென்படவில்லை, ஆக காற்று என்றார். இயன் பால்ட்வினும் ஜாக் ஷுல்ட்சும் பாப்லர், மேப்பிள் கன்றுகளை மூடிய அறையில் வைத்துச் சிலவற்றின் இலையைக் கிழித்தார்கள். அதே காற்றைச் சுவாசித்த கிழிபடாத கன்றுகளிலும் துவர்ப்புப் பொருள்கள் கூடின. அப்போது பலரும் நம்பவில்லை. இன்று அது நிலைபெற்ற விஷயம். 2023-ல் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகத்தில், பக்கத்துச் செடியின் ஆவி பட்டதும் இலைக்குள் கால்சியம் அலை பரவுவதைப் படமாகவே எடுத்தார்கள்.

பூஞ்சை வழியாகவும் எச்சரிக்கை போகலாம். 2013-ல் பிரிட்டனில் அவரை இனச் செடிகளை வைத்துச் செய்தார்கள். ஒரு செடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை விட்டு, காற்றில் வாசம் பரவாதபடி எல்லாவற்றையும் பையால் மூடி வைத்தார்கள். பூஞ்சையால் இணைந்த செடிகள் அசுவினியை விரட்டும் வாசத்தை விட ஆரம்பித்தன, இணையாதவை விடவில்லை. தொட்டியில் இது தெளிவு. பெருங்காட்டில் இவ்வளவு துல்லியமாக யாரும் இன்னும் காட்டவில்லை.

இது பேச்சா, ஒட்டுக்கேட்பதா? அடிபட்ட மரத்துக்குத் தன் மறுபக்கக் கிளையை எச்சரிப்பதே பெரிய வேலை. தண்டுவழி சுற்றிப் போவதைவிடக் காற்றுவழி சீக்கிரம் போகும். தனக்குத் தானே சொல்லிக்கொள்வதைப் பக்கத்து மரம் கேட்டுக்கொள்கிறது என்றே நான் வகுப்பில் சொல்கிறேன்.

மகளிடம் என்ன சொல்வது என்றுதானே கேட்டீர்கள். ‘நெஜம்தான், ஆனா அம்மா மரம் இல்ல, நடுவுல பூஞ்சைன்னு ஒருத்தர் இருக்கார்’ என்று ஆரம்பியுங்கள். கொடைக்கானலோ ஊட்டியோ போனால் பைன் தோப்புக்குக் கூட்டிப் போங்கள். அவை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள்தான். பைனுக்கே உரிய பூஞ்சை மண்ணில் இல்லாமல், கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் இப்படி நட்ட கன்றுகள் வளராமல் மஞ்சளாகிச் செத்தன. 1950-களில் பூஞ்சையுள்ள மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகே நிமிர்ந்தன. தோப்பில் ஒரு மரத்தடியில் ஊசிச் சருகை விரலால் விலக்கினால், மேல்மண்ணிலேயே பழுப்பு வேர்கள் தெரியும். நுனியை மட்டும் பாருங்கள். மற்ற வேர்போலக் கூராக இருக்காது. கொஞ்சம் தடித்து, கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து, அதுவும் மறுபடி பிரிந்து கொத்தாக இருக்கும். மேலே வெள்ளையாகப் பூசினதுபோல ஒரு உறை. அதுதான் பூஞ்சை. கையில் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அதிலிருந்து மண்ணுக்குள் ஓடும் இழைகளையும் பார்க்கலாம். வேரைப் பிடுங்க வேண்டாம். பார்த்து முடித்ததும் சருகைப் பழையபடி மூடிவிடச் சொல்லுங்கள், வெயில் பட்டால் அந்த இழைகள் காய்ந்துவிடும்.